பட்டியலில் பெயர் இருக்கிறது, கல்லீரல் எப்போது வரும்? - வாசகர் கேள்வி பதில்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் வீடுகளில் இருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆனால் அடிக்கணக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான், அது புரிந்துவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும் என்று நம்புகிறேன்.

கேள்வி: என் கணவர் பெயரைப் பதிந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதே மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு முன்னால் பதிந்த ஒருவருக்குப் போன வாரம் ஆபரேஷன் முடிந்துவிட்டது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது இங்கே கிடையாதா டாக்டர்?

பதில்: கிடையாது சகோதரி. இதைப் பதியும் அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை, அதனால்தான் பதினான்கு மாதம் கழித்து இப்படி ஒரு வலியோடு நீங்கள் எழுத வேண்டியிருக்கிறது.

காத்திருப்போர் பட்டியல் என்ற பெயரைக் கேட்டதும் டோக்கன் வாங்கி நிற்கிற வரிசைதான் நம் மனதுக்கு வருகிறது. உண்மையில் ஒவ்வொரு முறை ஒரு கல்லீரல் கிடைக்கும்போதும் பட்டியல் புதிதாக அடுக்கப்படுகிறது. அப்போது கேட்கப்படுவது ஒரே கேள்வி: மாற்று கிடைக்காவிட்டால் அடுத்த மூன்று மாதத்தில் இறந்துபோகும் ஆபத்து யாருக்கு அதிகம்? சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கு டயாலிசிஸ் இருக்கிறது, வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம், அதனால் அங்கே காத்திருந்த காலத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. கல்லீரலின் வேலையை அப்படி மாதக்கணக்கில் செய்து தரும் இயந்திரம் எதுவும் இல்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

அமெரிக்காவில் முன்பு காத்திருந்த நாட்களுக்கும், நோயாளி வீட்டில் இருக்கிறாரா ஐ.சி.யூ.வில் இருக்கிறாரா என்பதற்கும் பெரிய இடம் கொடுத்திருந்தார்கள். என்ன நடக்கும்? நாட்கள் சேரட்டும் என்று நோய் முற்றாதவர்களையும் சீக்கிரமே பதிந்துவைப்பது, ஐ.சி.யூ.வில் படுக்கவைத்தால் மேலே ஏறலாம் என்று படுக்கவைப்பது, இதற்கெல்லாம் வழி திறந்துவிடும். 2002 பிப்ரவரி 27 முதல் அதை விட்டுவிட்டு மெல்ட் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணுக்கு மாறினார்கள். 2006 கடைசியில் உறுப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பில் உள்ள ஜெர்மனி போன்ற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. இந்த ஸ்கோர் பிறந்ததே வேறொரு காரணத்துக்காக. கல்லீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்க உள்ளே ஒரு சிறு குழாய் வைக்கும் சிகிச்சை உண்டு, அதைச் செய்தபின் யார் பிழைப்பார்கள், யார் பிழைக்கமாட்டார்கள் என்று கணிக்க அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 2000இல் உருவாக்கியது. அது பொதுவாகவே கல்லீரல் நோயாளியின் மரண ஆபத்தை நன்றாகச் சொல்கிறது என்று பிறகு தெரிந்தது.

ஸ்கோர் 6இல் தொடங்கி 40 வரை போகும். ஆரம்ப வடிவத்துக்கு மூன்றே மூன்று ரத்தப் பரிசோதனை போதும்: மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். பிலிருபின் 3, ஐ.என்.ஆர். 1.5, கிரியாட்டினின் 1 என்றால் ஸ்கோர் 15. மற்ற இரண்டும் அப்படியே இருக்க, பிலிருபின் மட்டும் 6 ஆகிறது என்று வையுங்கள். கண் நன்றாக மஞ்சளாகிவிடும், வீட்டில் எல்லோரும் பயந்துபோவீர்கள், ஆனால் ஸ்கோர் 18தான். அதற்குப் பதிலாகக் கிரியாட்டினின் 1இலிருந்து 2 ஆகிறது, வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஸ்கோர் 22க்குத் தாவிவிடும். கல்லீரல் நோயோடு சிறுநீரகமும் கைவிட ஆரம்பித்தால் நாட்கள் வேகமாகக் குறைகின்றன, அதைத்தான் அந்தக் கணக்கு பிடிக்கிறது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஸ்கோர் 9க்குக் கீழே இருந்தவர்களில் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 1.9 சதவீதம், 40ஐத் தொட்டவர்களில் 71.3 சதவீதம்.

காத்திருந்த காலத்தைச் சுத்தமாக ஒதுக்கிவிடவில்லை, ஒரே ரத்தப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒரே ஸ்கோர் வந்தால் அப்போது பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் ஆபரேஷன் ஆனவர் யார், என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்து, ஒரு வைரஸாலோ மருந்தின் நச்சாலோ ஒரே வாரத்தில் கல்லீரல் முழுக்கச் செயலிழந்து நினைவு தவறுகிறவர்கள் உண்டு. அவர்களையும், வைத்த புதுக் கல்லீரல் முதல் சில நாட்களிலேயே வேலை செய்யாமல் போனவர்களையும், ஸ்கோர் பார்க்காமல் எல்லோருக்கும் மேலே வைப்பார்கள். நாள்கணக்கில்தான் அவர்களுக்கு அவகாசம்.

கேள்வி: அம்மாவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை வயிற்றில் இருந்து நீர் எடுக்கிறோம். சில நாள் என் பெயரே அவருக்கு ஞாபகம் வருவதில்லை. இவ்வளவு இருந்தும் ஸ்கோர் 16தான் என்கிறார்கள். நம்ப முடியவில்லை.

பதில்: நீங்கள் நம்பாததில் நியாயம் இருக்கிறது. வயிற்றில் நீர் கோர்ப்பது, மூளை குழம்புவது, உறங்க விடாத அரிப்பு, சதை கரைந்து எலும்பும் தோலுமாவது, இவை எதுவும் மெல்ட் ஸ்கோரில் நேரடியாகச் சேராது. முன்பிருந்த சைல்ட் பியூ என்ற அளவுகோலில் வயிற்று நீரும் குழப்பமும் சேர்ந்திருந்தன. ஆனால் "நீர் கொஞ்சமா, அதிகமா" என்பதை ஒரு மருத்துவர் ஒருமாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறுமாதிரி எழுதுவார், தன் நோயாளி மேல் பாசம் வைத்தவர் ஒரு படி கூட்டியே எழுதுவார். ஆய்வகத்தில் இருந்து வரும் எண்ணில் அந்தச் சிக்கல் இல்லை என்பதால்தான் மெல்ட் வந்தது. அதற்கு உங்கள் அம்மா போன்றவர்கள் கொடுக்கும் விலை இது.

பின்னால் கொஞ்சம் சரிசெய்தார்கள். நீர் கோர்க்கிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும், அதனால் 2016 முதல் அமெரிக்கக் கணக்கில் சோடியமும் சேர்ந்தது. 137க்குக் கீழே இறங்க இறங்கப் புள்ளி கூடும், 125க்குக் கீழே போனாலும் 125 என்றே வைத்துக்கொள்வார்கள். அடுத்தது பெண்கள் விஷயம். கிரியாட்டினின் தசையில் இருந்து வருவது, பெண்களுக்குத் தசை குறைவு, ஆகவே ஒரு ஆணுக்கு இருக்கும் அதே அளவு சிறுநீரகக் கோளாறு ஒரு பெண்ணுக்கு இருந்தாலும் அவருடைய எண் சின்னதாகவே நிற்கும். அதனால் பட்டியலில் கீழே இருந்தபடியே இறந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். 2023 ஜூலையில் வந்த மெல்ட் 3.0 என்ற புது வடிவம் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டிக் கொடுக்கிறது, கல்லீரல் உண்டாக்கும் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துக்கொள்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது இதற்கு. என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் மருத்துவமனை எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது என்று கேளுங்கள். ஸ்கோர் உண்மை நிலையைச் சொல்லாதவர்களுக்காக விதிவிலக்குப் புள்ளி கேட்டு மருத்துவர் விண்ணப்பிக்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது, அதை ஒரு குழு பரிசீலிக்கும். அம்மா உங்கள் பெயரை மறந்த நாட்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நீர் எடுத்த அளவையும் எழுதுங்கள். விண்ணப்பம் எழுதும்போது அந்த நோட்டு உதவும்.

கேள்வி: இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது, அப்பாவை அழைத்துக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், மார்புச் சவரம் எல்லாம் செய்தார்கள். விடியற்காலை நான்கரைக்கு "இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள். எங்களை ஏமாற்றி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களா?

பதில்: இந்தக் கேள்வி மட்டும் ஐந்தாறு பேரிடம் இருந்து வந்திருக்கிறது தம்பி. அந்த நான்கரை மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தாழ்வாரத்தில் குடும்பங்களோடு நானும் நின்றிருக்கிறேன்.

இரண்டு விதமாக இது நடக்கும். ஒன்று, உங்கள் அப்பா மாற்று ஆளாக அழைக்கப்பட்டிருக்கலாம். முதலில் இருப்பவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சலோ தொற்றோ வந்துவிட்டால் கல்லீரல் வீணாகக் கூடாது, அதற்காக இரண்டாமவரையும் வரச் சொல்வார்கள். போனிலேயே "நாங்கள் முதல் ஆளா, மாற்று ஆளா" என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது, கல்லீரலே சரியில்லாமல் போயிருக்கலாம். கல்லீரலைத் தானம் தரும், மூளைச்சாவு அடைந்தவரின் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஓரளவுதான் சொல்லும். வயிற்றைத் திறந்து கையில் தொட்டுப் பார்க்கும்போதுதான் அறுவை மருத்துவருக்கு முழுசாகத் தெரியும். நல்ல கல்லீரல் செம்பழுப்பாக, மிருதுவாக, ஓரம் கத்திபோல் மெல்லியதாக இருக்கும். கொழுப்பு ஏறியது மஞ்சள் பாய்ந்து, உப்பி, ஓரம் மழுங்கி இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை வெட்டி உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரிய கொழுப்புத் துளிகள் 30 சதவீதம் வரை என்றால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், 60 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், நடுவில் இருப்பதுதான் தலைவலி. அப்படிப்பட்டதை வைத்துவிட்டு அது வேலை செய்யாவிட்டால் அப்பாவைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வந்திருக்கவே முடியாது.

ஏன் முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கூப்பிடக் கூடாது என்றால், நேரம் இல்லை. ஐஸில் வைத்த கல்லீரல் சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் புது உடலில் ரத்தம் பெற வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அங்கே எடுத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே உங்கள் அப்பா தயாராக வேண்டும். இப்போது சில இடங்களில் கல்லீரலை இயந்திரத்தில் வைத்து, உடல் சூட்டில் ரத்தம் ஓடவிட்டு, பித்தம் சுரக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். அது பரவினால் இந்த நள்ளிரவு ஓட்டம் குறையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஸ்கோர் முதலிடம் என்பதாலேயே எல்லாக் கல்லீரலும் அவருக்குப் பொருந்தாது. ரத்தப் பிரிவு ஒத்துவர வேண்டும். அளவு பொருந்த வேண்டும், ஆறடி ஆளின் கல்லீரலை ஒல்லியான சிறிய பெண்ணின் வயிற்றில் வைத்து மூட முடியாது. சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் திசுப் பொருத்தம் இதற்குத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. ஓ பிரிவுக் கல்லீரல் எல்லோருக்கும் ஒத்துப்போகும் என்பது உண்மைதான், அப்படி எல்லோருக்கும் கொடுத்தால் ஓ பிரிவு நோயாளிகளுக்கு மிஞ்சாது, அவர்கள் ஓ பிரிவைத் தவிர வேறெதையும் வாங்க முடியாதவர்கள். அதனால் பெரும்பாலும் அவர்களுக்கே ஒதுக்குவார்கள்.

கேள்வி: பணக்காரர்களுக்கும் பிரபலங்களுக்கும் உடனே கிடைத்துவிடுகிறதே?

பதில்: ஸ்கோரைப் பணத்தால் வாங்க முடியாது. ஆனால் பணம் வேறு கதவைத் திறக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர், அவருக்குக் கல்லீரல் மாற்று நடந்தது 2009இல் டென்னசி மாநிலத்தில். கிடைத்த நேரத்தில் பட்டியலில் மிகவும் நோயுற்றிருந்தவர் அவர்தான் என்று அந்த மருத்துவமனை அறிவித்தது, விதி மீறல் இல்லை. ஆனால் அப்போது அமெரிக்காவில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பட்டியல், ஒரு பகுதியில் 20 புள்ளிக்குக் கிடைப்பது இன்னொன்றில் 30க்கும் கிடைக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிய அனுமதி உண்டு. அழைப்பு வந்ததும் சில மணி நேரத்தில் தனி விமானத்தில் போய் இறங்க முடிகிறவருக்கு மட்டும்தான் அந்த அனுமதியால் உண்மையில் பயன். 2020 பிப்ரவரியில் அந்தப் பகுதி எல்லைகளை எடுத்துவிட்டு, தானம் கிடைத்த மருத்துவமனையைச் சுற்றி 150, 250, 500 கடல் மைல் என்று வட்டம் போட்டுக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

ஏமாற்று வேலையும் நடந்திருக்கிறது. 2012இல் ஜெர்மனியில் சில மருத்துவமனைகள் நோயாளிகளை மேலே ஏற்றத் தரவுகளை மாற்றியதாக வெளியே வந்தது, செய்யாத டயாலிசிஸைச் செய்ததாக எழுதியதும் அதில் உண்டு. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ் என்று எழுதினால் அப்போதைய கணக்கில் கிரியாட்டினின் 4 என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, அது ஒன்றே 13 புள்ளி. ஒரு வரி பொய், கீழே இருக்கும் யாரோ ஒருவரின் உயிர். அது வெளிவந்த பிறகு அந்த நாட்டில் உறுப்பு தானம் கொடுப்போர் எண்ணிக்கையே விழுந்துவிட்டது. கொடுக்கிற குடும்பம் நம்பிக்கையை இழந்தால் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் நஷ்டம்.

கேள்வி: மாமாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. ஸ்கோர் 8. அப்படியானால் வாய்ப்பே இல்லையா?

பதில்: இருக்கிறது. கல்லீரல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்கோர் குறைவு, கட்டி வளர்ந்தால் மாற்றுக்கே தகுதி போய்விடும், இந்த முரண்பாட்டுக்காகவே விதிவிலக்குப் புள்ளி தருகிறார்கள். இத்தாலியின் மிலான் நகரில் இருந்து 1996இல் வந்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், அதிகபட்சம் மூன்று கட்டி என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாயில் பரவியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆரம்பத்தில் புள்ளிகளை அள்ளிக் கொடுத்து மற்றவர்களுக்கு அநியாயம் ஆகிவிட்டதால், 2015 முதல் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் கட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதுவரை கட்டியை அடக்கிவைக்கும் சிகிச்சை எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? குடிக்காதவர்கள் காத்திருக்கிறார்களே.

பதில்: ஸ்கோருக்கு, நோய் எப்படி வந்தது என்று தெரியாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருத்துவம் தண்டனை கொடுக்கும் இடம் இல்லை. கேட்க வேண்டியது, இவர் மறுபடி குடிப்பாரா, புதுக் கல்லீரல் நிலைக்குமா என்பதுதான். நெடுநாள் பல இடங்களில் ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பதிவோம் என்றார்கள். 2011இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குடியால் வந்த கடும் கல்லீரல் அழற்சியில் மருந்துக்குக் கேட்காத சிலரை, குடும்ப ஆதரவு எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமல் மாற்று செய்தார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்று கிடைக்காத அதேபோன்ற நோயாளிகளில் 23 சதவீதம். ஆறு மாதம் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: தங்கைக்கு 26 வயது. வயதானவர்களைவிட இளையவர்களுக்கு முன்னுரிமை கிடையாதா?

பதில்: சிறு குழந்தைகளுக்கு உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே பெல்ட் என்ற தனி ஸ்கோர், அதில் வளர்ச்சி குன்றியிருப்பதும் சேரும். பெரியவரின் கல்லீரலைப் பிரித்து இடப்பக்கச் சிறு துண்டைக் குழந்தைக்கும் மிச்சத்தை ஒரு பெரியவருக்கும் வைப்பதும் 1988 முதல் நடக்கிறது. பெரியவர்களுக்குள் வயதைப் பார்த்து மெல்ட் எதுவும் கொடுப்பதில்லை.

பிரிட்டன் 2018இல் வேறு வழி எடுத்தது. மாற்று செய்தால் எவ்வளவு காலம் வாழ்வார், செய்யாவிட்டால் எவ்வளவு காலம், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கு அதிகமோ அவருக்கு. கேட்க மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்கை ஐந்து வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு அதற்கப்புறம் கிடைக்கக்கூடிய முப்பது நாற்பது வருடம் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை, இளையவர்கள் பின்தங்குகிறார்கள் என்று அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. தங்கைக்குப் பொருத்தமான உறவினர் யாராவது தானாக முன்வந்தால் உயிரோடு இருப்பவரின் கல்லீரல் பகுதியைப் பற்றிப் பேசிப் பாருங்கள், அது பட்டியல் வழியாகப் போகாது, நேரடியாக அவருக்கே. கொடுப்பவருக்கும் அது பெரிய ஆபரேஷன், உயிராபத்து சிறிதானாலும் உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கேள்வி: போன மாதம் 24 இருந்த மனைவியின் ஸ்கோர் இப்போது 14. இறங்கிவிட்டதே என்று எல்லோரும் அழுதோம். தண்ணீர் மாத்திரையைக் கூட்டினால் ஸ்கோர் ஏறும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் அந்த மாத்திரையைக் கூட்டினால் சிறுநீரகம் வறண்டு கிரியாட்டினின் ஏறும், ஸ்கோரும் ஏறும், அது கூடவே உண்மையான ஆபத்தையும் ஏற்றும். கெட்ட சிறுநீரகம் திரும்பாமலே போகலாம், மாற்று கிடைத்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு பிழைப்பது கடினமாகும்.

இறங்கியதற்கு அழ வேண்டியதில்லை. ஏதோ ஒரு தொற்றோ ரத்தக்கசிவோ சரியாகியிருக்கும், கல்லீரல் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறது. 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஸ்கோர் 15க்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வருடத்தில் காத்திருப்பதைவிட ஆபரேஷனில்தான் இறக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. இன்றைய நிலையில் உங்கள் மனைவி தன் சொந்தக் கல்லீரலோடு இருப்பதே அவருக்கு நல்லது.

பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டியது ரத்தப் பரிசோதனைத் தேதியை. ஸ்கோர் உயர்ந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை, குறைந்தவர்களுக்கு மாதக்கணக்கில் என்று இடத்துக்கு இடம் கெடு இருக்கும், அது தவறினால் பல இடங்களில் கணினி பழைய குறைந்த எண்ணுக்கே இறக்கிவிடும். நாளைக்கே மருத்துவமனையில் உங்கள் பதிவைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து அடுத்த தேதி என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டு பேரின் போன் எண்ணும் அவரிடம் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.